கியர் ஷாஃப்ட் வளைந்தால்: நிமிர்த்துவதா, மாற்றுவதா, அப்படியே ஓட்டுவதா?

பைக்கில் காலால் மிதிக்கிற கியர் லிவரைத் தாங்கிக்கொண்டு எஞ்சினுக்குள் போகிற எஃகுத் தண்டுதான் கியர் ஷாஃப்ட். அது வளையப் பெரிய விபத்தெல்லாம் தேவையில்லை. மணல் கிடக்கும் முக்கில் மெதுவாகத் திரும்பும்போது முன்சக்கரம் வழுக்கினால் போதும், இல்லையென்றால் சரிவான வாசலில் சைடு ஸ்டாண்டு முழுசாக விழாமல் வண்டி லேசாக உருண்டு இடதுபக்கம் சாய்ந்தால் போதும். நூறு கிலோவுக்கு மேல் இருக்கிற வண்டி, லிவர் நுனியைத் தரையில் ஊன்றிக்கொண்டு விழுகிறது. டேங்கில் கீறல் இருக்காது, இண்டிகேட்டர் கண்ணாடிகூட உடைந்திருக்காது. சரி, பிழைத்தோம் என்று காலை வைத்தால் லிவர் எஞ்சின் கவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், ஷூ நுனி அதற்கடியில் நுழையாது, எப்படியோ நுழைத்து மிதித்தால் ஃபர்ஸ்ட் விழும், செகண்டுக்குத் தூக்க வராது.

அந்த இடத்தில் கூடுகிற ஆட்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். "பைப்பு போட்டு ஒரு இழு இழுத்தா சரியாயிடும் தம்பி." "லேத்துல குடுத்தா அம்பு மாதிரி நிமித்திக் குடுப்பான்." "புது ஷாஃப்டே போட்ருங்க சார், வம்பு வேண்டாம்." "லிவரை மட்டும் வெளிய வளைச்சுட்டு ஓட்டுங்க, ஒண்ணும் ஆவாது." இந்த நான்குமே சில வண்டிகளுக்குச் சரியான பதில்தான். ஆனால் எல்லோரும் விலையை வைத்தே முடிவு செய்கிறார்கள், அது வேலைக்கு ஆகாது. பார்க்க வேண்டியது இரண்டே விஷயம்: வளைவு ஆயில் சீலுக்கு (ஷாஃப்ட் வெளியே வருகிற இடத்தில் எண்ணெய் கசியாமல் தடுக்கிற ரப்பர் வளையம்) வெளியே இருக்கிறதா உள்ளே போயிருக்கிறதா, அப்புறம் எஞ்சினைத் திறக்கப் போகிறோமா இல்லையா. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் மீதி தானாக முடிவாகிவிடும்.

நான் பேசுவது 100 முதல் 200 சிசி வரையிலான, நம் தெருவில் தினமும் பார்க்கிற வண்டிகளைப் பற்றி. ஸ்ப்ளெண்டர், ஷைன், பல்சர் மாதிரி. பழைய வலதுபக்கக் கியர் புல்லட் வைத்திருப்பவர்கள் இடது வலதை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். பழைய யெஸ்டி வைத்திருந்தால் உங்கள் கதையே வேறு, அதில் கிக்கரே கியர் லிவர், அது அடிபட்டால் இரண்டு வேலையும் சேர்ந்துதான் நிற்கும்.

முதலில் வளைந்தது ஷாஃப்ட்தானா என்று பாருங்கள். "ஷாஃப்ட் போச்சு" என்று பட்டறைக்கு வருகிற வண்டிகளில் கணிசமானவற்றில் லிவர் மட்டும்தான் வளைந்திருக்கும். குதிகாலால் மிதிக்கிற பின்நுனியும் உள்ள நீள லிவர் என்றால் இதைக் கழற்றாமலேயே கண்டுபிடித்துவிடலாம். முன்நுனி எஞ்சின் பக்கம் உள்ளே போயிருக்கிறது, பின்நுனி பழைய இடத்திலேயே இருக்கிறது என்றால் வளைந்தது லிவர். முன்நுனி உள்ளே போன அதே நேரம் பின்நுனி வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது என்றால், லிவர் நேராகத்தான் இருக்கிறது, அதைத் தாங்குகிற ஷாஃப்ட்தான் திரும்பியிருக்கிறது. சில சமயம் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வளைந்திருக்கும், அப்போது கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

கழற்றுவதிலும் ஒரு சின்ன சூட்சுமம் உண்டு. லிவரைப் பிடித்திருக்கிற போல்ட்டை, பெரும்பாலும் 10 நம்பர்தான், லூஸ் செய்தால் மட்டும் லிவர் வராது. ஷாஃப்ட்டில் ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள், போல்ட் அந்தப் பள்ளத்தில் குறுக்கே உட்கார்ந்திருக்கும். போல்ட்டை முழுசாக வெளியே எடுத்த பிறகுதான் லிவர் நகரும். இது தெரியாமல் பின்னாலிருந்து சுத்தியலால் தட்டி, கொஞ்சம் வளைந்திருந்த ஷாஃப்ட்டை இன்னும் கெடுத்தவர்கள் உண்டு. எடுப்பதற்கு முன் லிவரின் பிளவுக்கு நேராக ஷாஃப்ட் முனையில் ஒரு பஞ்ச் குறி வைத்துவிடுங்கள், திரும்ப மாட்டும்போது ஷாஃப்ட் முனையைச் சுற்றி வெட்டியிருக்கிற பற்களில் ஒரு பல் தள்ளி மாட்டி அவதிப்பட வேண்டாம்.

லிவர் போனதும் ஷாஃப்ட்டை மேலிருந்தும் முன்னாலிருந்தும் பாருங்கள். துணியைச் சுற்றி பிளையரால் பிடித்து மெதுவாக மேலும் கீழும் திருப்புங்கள். நேரான ஷாஃப்ட் என்றால் முனை இருந்த இடத்திலேயே நின்று சுழலும், வளைந்தது என்றால் முனை இடம் மாறி ஒரு வில் போடும். இப்போது சீல் பக்கம் பாருங்கள். பல் தொடங்கும் இடத்துக்கும் சீலுக்கும் நடுவே, ஷாஃப்ட் வெறுமையாக வெளியே தெரிகிற அந்தக் கொஞ்ச நீளத்தில்தான் பெரும்பாலும் மடங்கும். சீலின் உதடு ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் மெல்லிய பிறை மாதிரி இடைவெளி தெரிந்தால் வளைவு உள்ளே போய்விட்டது என்று அர்த்தம்.

கூடவே கேஸையும், அதாவது எஞ்சினின் அலுமினியக் கூட்டையும், பாருங்கள், இதைத்தான் அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஷாஃப்ட் வெளியே வருகிற துவாரத்தைச் சுற்றியுள்ள அலுமினியத்தை பெட்ரோல் துணியால் சுத்தமாகத் துடைத்து, காய்ந்ததும் முகப் பவுடர் தூவி, எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்துங்கள். விரிசல் இருந்தால் பவுடரில் எண்ணெய் ஒரு கோடாக ஊறும். அப்படிக் கோடு தெரிந்தால் ஷாஃப்ட்டைப் பற்றிய விவாதமே இப்போது தேவையில்லை. கேஸை என்ன செய்வது என்பதுதான் உங்கள் செலவு.

ஸ்போர்ட்ஸ் ரக வண்டிகள் பலவற்றில் லிவர் ஃபுட்ரெஸ்ட் பக்கத்தில் தனியாக இருக்கும், அங்கிருந்து ஒரு கம்பி போய் ஷாஃப்ட்டில் உள்ள குட்டிக் கையை இழுக்கும். அந்த மாதிரி வண்டியில் அடியை லிவரும் கம்பியும் வாங்கிக்கொள்ளும், ஷாஃப்ட் தப்பிவிட வாய்ப்பு அதிகம். கம்பியை மாற்றிவிட்டு மேலே போங்கள்.

அடுத்து, இந்த ஷாஃப்ட் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் எவ்வளவு வளைவைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது புரியும். நம் கமியூட்டர் வண்டிகள் பெரும்பாலானவற்றில் இது இடதுபக்கம் லிவரில் தொடங்கி, எஞ்சினின் குறுக்கே போய், வலதுபக்கம் கிளட்ச்சுக்குப் பின்னால் முடிகிறது. அந்த முனையில் ஒரு தகட்டுக் கை பற்றவைத்திருக்கும். அதுதான் கியர்களை மாற்றுகிற உருளையான கியர் டிரம்மின் பின்னைப் பிடித்து ஒரு படி தள்ளுகிறது. கூடவே ஒரு ரிட்டர்ன் ஸ்பிரிங், அதன் இரண்டு கால்களும் கேஸில் உள்ள ஒரு பின்னை இருபுறமும் கவ்விக்கொண்டு, நீங்கள் காலை எடுத்ததும் லிவரை நடுவுக்குக் கொண்டு வரும்.

இதில் கவனிக்க வேண்டியது, கிராங்க் மாதிரியோ சக்கரத்து ஆக்ஸில் மாதிரியோ இல்லாமல் இந்த ஷாஃப்ட் முழுச்சுற்று சுற்றுவதே இல்லை. கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே, அவ்வளவுதான். அதனால் சீலுக்கு வெளியே இருக்கிற சின்ன வளைவு எஞ்சினுக்கு எந்தக் கெடுதலும் செய்யாது. உள்ளே இருக்கிற பாகம் நேராக இருக்கிற வரை கியர் ஒழுங்காகவே மாறும். இதை ஒத்துக்கொள்ள நிறையப் பேருக்கு மனசு வராது, "வளைஞ்ச பார்ட்டோட எப்படி ஓட்றது" என்பார்கள்.

இன்னொன்று, வளைவு கண்ணுக்கு இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். ஷாஃப்ட் மையத்திலிருந்து லிவர் நுனி 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஷாஃப்ட் 5 டிகிரி சாய்ந்தாலே நுனி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே வந்துவிடும், 10 டிகிரி என்றால் ஓர் அங்குலம். அதனால் நுனி அரை அங்குலம் உள்ளே வந்ததைப் பார்த்துப் பதற வேண்டாம், அது சின்ன வளைவு. ஓர் அங்குலத்தைத் தாண்டிவிட்டதா, லிவரும் நேராகத்தான் இருக்கிறதா, அப்போது அது உண்மையாகவே பெரிய வளைவு.

லிவரை வளைத்துக்கொண்டு ஓட்டுவது

வளைவு சின்னது, வெளியே இருக்கிறது, எண்ணெய் கசியவில்லை, எல்லாக் கியரும் விழுகிறது, லிவர் கவரில் இடிப்பது மட்டும்தான் பிரச்சினை. இந்த நிலையில் ஷாஃப்ட்டைத் தொடாமல், லிவரைக் கழற்றி வைஸில் பிடித்து வெளிப்பக்கமாக வளைத்து மாட்டிவிடலாம். லிவர் இரும்பு, வளைந்து கொடுக்கும். வண்டியிலேயே வைத்து வளைக்கக் கூடாது, அப்படிச் செய்தால் அந்த விசை ஷாஃப்ட்டுக்குத்தான் போகும். இதைத் தற்காலிக ஏற்பாடு என்று சொல்லித்தான் செய்வார்கள், ஆனால் வருஷக்கணக்கில் இப்படியே ஓடுகிற வண்டிகள் இருக்கின்றன, எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அலுமினிய லிவர் என்றால் இந்த வேலையே வேண்டாம், அது வளையாது, உடையும்.

வண்டியில் இருக்கும்போதே நிமிர்த்துவது

நம் ஊரில் அதிகம் நடப்பது இதுதான். தெருமுனைப் பட்டறையில் பைப்பை மாட்டி இழுத்துப் பத்து நிமிஷத்தில் அனுப்பிவிடுவார்கள், காசும் டீ செலவு மாதிரிதான். சரியாகச் செய்தால் இது நல்ல வழி. சரியாகச் செய்வது என்றால் என்ன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஷாஃப்ட்டின் தடிமன் சுமார் 12 முதல் 14 மில்லிமீட்டர். அதன்மேல் ஆட்டமில்லாமல் நுழைகிற, சுவர் தடித்த இரும்புப் பைப் ஒன்றரை அடி நீளத்தில் வேண்டும். தொளதொள பைப் போட்டால் பல் நசுங்கும், அப்புறம் லிவரே ஏறாது. பைப்பின் விளிம்பு வளைவு தொடங்கும் இடம் வரை போக வேண்டும், ஆனால் சீலையோ கேஸையோ தொடக் கூடாது. பிறகு மெதுவாக, ஒரே சீராக இழுக்க வேண்டும். இரும்பு கொஞ்சம் திரும்பிப் போகும், அதனால் நேரான நிலையைத் துளி தாண்டி இழுத்து விட வேண்டியிருக்கும். லிவர் மாட்டிப் பார்த்து, கவருக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் போதும், நிறுத்திவிடுங்கள். அம்பு மாதிரி நேராக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு மறுபடி மறுபடி இங்கும் அங்கும் வளைத்தால் அந்த இடத்தில் இரும்பு களைத்து மயிரிழை விரிசல் விடும். போல்ட்டுக்காக வெட்டிய பள்ளமும் பல் தொடங்கும் இடமும்தான் ஏற்கெனவே பலவீனமான இடங்கள், முறிந்தால் அங்கேதான் முறியும். நடுரோட்டில் நான்காவது கியரில் இருக்கும்போது முறிந்தால் நான்காவதிலேயேதான் வீடு வரை வர வேண்டும்.

சுத்தியலைத் தூக்குகிற மெக்கானிக்கைத் தடுத்துவிடுங்கள். மரியாதையாகவே சொல்லலாம், "அண்ணே, சுத்தியல் வேண்டாம், இழுத்துப் பாருங்க, வரலைன்னா மாத்திக்கலாம்." காரணம், நீங்கள் ஷாஃப்ட்டுக்குக் கொடுக்கிற ஒவ்வொரு அடியையும் பின்னால் தாங்குவது கேஸின் அலுமினியத் துவாரம். ஷாஃப்ட் எஃகு, கேஸ் அலுமினியம், எது முதலில் விட்டுக்கொடுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. துவாரம் ஒருமுறை முட்டை வடிவமாகிவிட்டால் எத்தனை சீல் மாற்றினாலும் எண்ணெய் ஊறிக்கொண்டேதான் இருக்கும்.

கேஸ் வெல்டிங் தீயை வைத்துச் சிவக்கச் சூடாக்கி நிமிர்த்துகிறேன் என்று ஒருவர் வந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள். சாதாரண ரப்பர் ஆயில் சீல் 120 டிகிரி வாக்கிலேயே கெட்டுப்போகும். இரும்பு நன்றாகச் சிவக்க 700 டிகிரியாவது வேண்டும். அலுமினியம் உருகுவது 660 டிகிரியில், கேஸ் வார்க்கிற கலவைகள் அதற்கும் முன்பே இளகிவிடும். சீலுக்குப் பின்னால் எஞ்சின் ஆயில், தலைக்கு மேல் பெட்ரோல் டேங்க். இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

லிவரை ஷாஃப்ட்டோடு சேர்த்து வெல்டிங் வைத்துவிடுவது இன்னொரு நாட்டு வைத்தியம், பல் தேய்ந்துபோன வண்டிகளுக்கு இதைச் செய்வார்கள். வைத்த அன்று வேலை செய்யும். ஆனால் அடுத்தமுறை அந்தப் பக்கக் கவரைக் கழற்ற வேண்டும் என்றால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். பிஎஸ்-6 புகை விதி 2020 ஏப்ரலில் வந்ததிலிருந்து புது வண்டிகள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இஞ்செக்‌ஷன் வந்துவிட்டது, அதற்கென்று ஈசியூ என்ற ஒரு குட்டிக் கணினி இருக்கிறது. பேட்டரியைக் கழற்றாமல் எஞ்சினில் வெல்டிங் வைத்து அது போனால், மிச்சம் பிடித்த காசைப் போல எத்தனையோ மடங்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

எஞ்சினைத் திறந்துவிட்டால் புதிதுதான்

வளைவு சீலுக்குள் போயிருந்தாலோ, எண்ணெய் கசிந்தாலோ, நுனி ஓர் அங்குலத்துக்கு மேல் உள்ளே வந்திருந்தாலோ, வெளியிலிருந்து செய்ய ஒன்றும் இல்லை. அதே மாதிரி, ஷாஃப்ட் பார்க்க நேராக இருந்தும் லிவர் நடுவுக்குத் திரும்பி வராமல் தொங்குகிறது, அல்லது மேலே தூக்கினால் மாறுகிறது கீழே மிதித்தால் மாறவில்லை என்றால், அடி உள்ளே ஸ்பிரிங்குக்கோ அதன் பின்னுக்கோ தகட்டுக் கைக்கோ போயிருக்கிறது. திறந்தே ஆக வேண்டும்.

திறப்பது என்றால் எஞ்சினையே இறக்கிப் பிளக்க வேண்டும் என்று பயப்பட வேண்டாம். நான் சொன்ன அமைப்புள்ள வண்டிகளில் வலதுபக்கக் கிளட்ச் கவரைத் திறந்து, கிளட்ச்சை எடுத்துவிட்டால் ஷாஃப்ட்டை அந்தப் பக்கமாக உருவிவிடலாம். உங்கள் வண்டி எப்படி என்று மெக்கானிக்கிடம் முதல் கேள்வியாகக் கேளுங்கள். அவர் உடனே பதில் சொன்னால் அந்த வண்டியை முன்பே திறந்திருக்கிறார் என்று அர்த்தம்.

இங்கேதான் கணக்கு மாறுகிறது. ஆயில் வடிப்பது, கிக்கர், ஃபுட்ரெஸ்ட், கிளட்ச் கேபிள், கவர், கிளட்ச் பிளேட், ஹவுசிங் என்று கழற்றி மறுபடி மாட்டுகிற கூலி, புது கவர் பேக்கிங், புது சீல், புது ஆயில். இத்தனையும் ஷாஃப்ட்டைப் புதிதாகப் போட்டாலும் உண்டு, பழையதை லேத்தில் நிமிர்த்திப் போட்டாலும் உண்டு. கமியூட்டர் வண்டிகளுக்குப் புது ஷாஃப்ட் சில நூறு ரூபாய்தான். லேத்தில் கொடுத்தால் நீங்கள் மிச்சம் பிடிப்பது அந்தச் சில நூறில் லேத் கூலி போக மீதி. அதற்காக ஒருமுறை வளைந்து நிமிர்ந்த இரும்பை எஞ்சினுக்குள் வைத்து மூடுவது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படவில்லை. திறந்தாயிற்றா, புதிது போடுங்கள், விஷயம் முடிந்தது.

லேத்துக்கு நியாயம் இருக்கிற இடங்களும் உண்டு. ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-ல் நின்றது, யெஸ்டி செய்த மைசூர் ஆலையும் அதே வருஷம் மூடியது. அந்த மாதிரி வண்டிகளுக்கு நல்ல பாகம் கிடைப்பது அதிர்ஷ்டம், பெட்டிக்குள் வருகிற டூப்ளிகேட்டைவிட நிமிர்த்திய ஒரிஜினல் எத்தனையோ மேல். விலையுயர்ந்த பெரிய வண்டிகளுக்கு பாகம் வர வாரக்கணக்கில் ஆகும் என்றாலும் அதுவரை ஓட்ட இதைச் செய்யலாம். நல்ல டர்னர் ஷாஃப்ட்டை இரண்டு சென்டருக்கு நடுவே பிடித்து, கையால் சுற்றிவிட்டு, சாக்பீஸை அசையாமல் அருகே கொண்டு போவார். மேடான இடத்தில் மட்டும் வெள்ளை படும். அந்த இடத்தை மேலே வைத்து பிரஸ்ஸில் கொஞ்சமாக அழுத்துவார், மறுபடி சுற்றுவார், மறுபடி சாக்பீஸ். வெள்ளை சுற்றிலும் சீராகப் படும்போது வேலை முடிந்தது. இதைச் செய்யாமல் வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடித்து, கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு "நேராயிடுச்சு" என்று கொடுக்கிறவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

பழைய பாகம் வாங்குவது பற்றியும் கேட்பார்கள். சென்னை புதுப்பேட்டையில் தேடினால் எந்த வண்டிக்கும் ஷாஃப்ட் கிடைக்கும்தான். ஆனால் அங்கே பிரித்துப் போட்டிருக்கிற வண்டிகளில் பல அடிபட்டு வந்தவை, அதன் ஷாஃப்ட் ஒருமுறை நிமிர்த்தியதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. வாங்கியே ஆக வேண்டும் என்றால் சமமான கண்ணாடித் தட்டின் மேல் உருட்டிப் பாருங்கள், முனையில் உள்ள தகட்டுக் கையைத் தட்டின் ஓரத்துக்கு வெளியே விட்டு. அடியில் வெளிச்சம் வந்து வந்து போனால் வேண்டாம். கையின் கொக்கி முனை தேய்ந்து வழவழப்பாகியிருந்தாலும் வேண்டாம். புதிது கிடைக்கிற வண்டிக்கு இத்தனை பாடு தேவையே இல்லை, சென்னை ஜிபி ரோட்டிலோ உங்கள் ஊர் டீலரிடமோ மாடலோடு தயாரித்த வருஷத்தையும் சொல்லிப் புதிதாக வாங்குங்கள். ஒரே பேர் போட்ட வண்டிக்கு வருஷத்துக்கு வருஷம் பாகம் மாறும், அதனால் பழையதைப் பக்கத்தில் வைத்து நீளமும் பல்லும் கையும் ஒத்துப்போகிறதா பார்த்த பிறகே பில் போடச் சொல்லுங்கள். ரிட்டர்ன் ஸ்பிரிங்கையும் சீலையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

மாற்றுகிற வேலையில் ஒரு கட்டம் மட்டும் கூடவே நின்று பார்க்க வேண்டியது. வளைந்த ஷாஃப்ட்டை வலதுபக்கம் உருவ வேண்டும் என்றால், வளைந்த முனை கேஸின் துவாரம் வழியாக உள்ளே நுழைந்து மறுபக்கம் போக வேண்டும். வளைந்தது எப்படி நுழையும்? நுழையாது. அப்போதுதான் மறுபடி சுத்தியல் வரும், அடித்து உருவினால் துவாரம் நெடுகக் கீறல் விழும். சரியான வழி, முதலில் சீலைக் கொக்கி போட்டு வெளியே எடுப்பது. சீல் இருந்த குழி ஷாஃப்ட்டைவிட அகலம், அதனால் கொஞ்சம் இடம் கிடைக்கும். பிறகு வளைவுக்கு எஞ்சின் பக்கமாக, நேரான இடத்தில் ஹேக்ஸா பிளேடால் அறுத்து வெளித்துண்டை எறிந்துவிடுவது. அறுக்கும் முன் சுற்றிலும் கிரீஸ் தடவிய துணியை அடைத்துவிட வேண்டும், இரும்புத்தூள் ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. அறுத்த விளிம்பில் பிசிறு இல்லாமல் அரத்தால் ஓட்டிவிட்டு உருவினால் வழுக்கிக்கொண்டு வரும். எப்படியும் தூக்கி எறியப்போகிற ஷாஃப்ட்தானே, அறுக்க யோசிக்க வேண்டியதில்லை. அதை லேத்துக்குக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது, புதிது போடுவதில் உள்ள இன்னொரு வசதி இது.

கிளட்ச் நட்டையும் கவனியுங்கள். பல வண்டிகளில் அது சாதாரண ஆறுமுக நட் அல்ல, நான்கு காடி வெட்டிய வட்ட நட், அதற்கென்று தனி சாக்கெட் உண்டு. அந்த சாக்கெட் இல்லாத பட்டறையில் உளியை வைத்துத் தட்டித் தட்டிக் கழற்றுவார்கள், அதே மாதிரி தட்டித்தான் இறுக்குவார்கள். காடிகள் எல்லாம் நசுங்கிய நட்டைப் பார்த்தால் முன்பு யார் திறந்தார்கள் என்று தெரிந்துவிடும். ஷாஃப்ட் வேலைக்கு வந்து கிளட்ச் லூஸாகித் திரும்பிப் போவது இப்படித்தான்.

புது ஷாஃப்ட்டை நுழைக்கும்போது அதன் பல் புது சீலின் உதட்டைக் கிழித்துவிடும். பல்லின்மேல் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, கிரீஸ் தடவி நுழைத்து, பிறகு டேப்பை உரித்தால் போதும். ஸ்பிரிங்கின் இரண்டு கால்களும் பின்னின் இருபுறமும் உட்கார்ந்தனவா பாருங்கள். கவரை மூடும் முன்பே லிவரைச் சும்மா மாட்டி, சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே எல்லாக் கியரையும் மேலும் கீழும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மூடிய பிறகு "நாலாவது விழல" என்றால் மறுபடி பேக்கிங்கிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்சூரன்ஸில் க்ளெய்ம் செய்யலாமா என்றால், ஷாஃப்ட் மட்டும் போன விபத்துக்கு வேண்டாம் என்பேன். தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் என்றால் கேள்விக்கே இடமில்லை. முழு பாலிசி என்றாலும், க்ளெய்ம் இல்லாத முதல் வருஷத்துக்கு 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்தாவது வருஷத்தில் 50 சதவீதம் வரை சேர்ந்த நோ க்ளெய்ம் போனஸ், ஒரு சின்ன க்ளெய்மில் சுழியத்துக்கு வந்துவிடும். சீல் மாதிரியான ரப்பர் பாகத்துக்குப் பாதி விலைதான் தருவார்கள், உலோகப் பாகத்துக்கும் வண்டியின் வயதுக்கு ஏற்பக் கழிவு உண்டு, கழிவு பிடிக்காத ஜீரோ டெப் பாலிசி எடுத்திருந்தால் தவிர. கேஸ் விரிசல் விட்டிருந்தால் கதை வேறு, அப்போது தயங்காமல் க்ளெய்ம் செய்யுங்கள். ஆனால் இன்சூரன்ஸ் சர்வேயர் பார்ப்பதற்கு முன் யாரையும் வண்டியைத் திறக்க விடாதீர்கள், திறந்து பரப்பி வைத்த எஞ்சினைக் காட்டி இது விழுந்ததால் ஆனது என்று நிரூபிப்பது கஷ்டம்.

சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் நிமிர்த்துவது என்ற பேச்சே இருக்காது, நேராக மாற்றத்தான் சொல்வார்கள், சின்ன வளைவுக்கும் அதேதான். தெருமுனையில் கொடுத்தால் மாற்றுவது என்ற பேச்சே வராது. இருவரிடமும் போவதற்கு முன் லிவரைக் கழற்றி நீங்களே ஒருமுறை பார்த்துவிட்டுப் போனால், எந்த வேலைக்காகப் போகிறோம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். வண்டி வாரண்டியில் இருந்தால் மட்டும் எஞ்சினைத் திறக்கிற வேலையை வெளியே கொடுக்க வேண்டாம். விழுந்ததால் ஆன சேதம் வாரண்டியில் வராது, ஆனால் வெளியாள் திறந்த எஞ்சின் என்ற காரணத்துக்காக நாளை வேறு ஒன்றை மறுக்க இடம் கொடுக்க வேண்டியதில்லை.

புது லிவர் வாங்குகிறவர்கள், பளபளக்கிற கனமான அலுமினிய லிவர் பக்கம் போகாதீர்கள். கம்பெனி கொடுக்கிற இரும்பு லிவர் கொஞ்சம் மெத்தென்று இருப்பது வசதிதான், அடுத்தமுறை விழும்போது அது வளைந்து ஷாஃப்ட்டைக் காப்பாற்றும். வளையாத லிவர் மொத்த அடியையும் ஷாஃப்ட்டுக்கே அனுப்பும். நுனி மட்டும் மடங்குகிற மாதிரி ஸ்பிரிங் வைத்த லிவர் உங்கள் வண்டிக்குக் கிடைத்தால் அதை வாங்கலாம், காட்டுப் பாதையில் ஓட்டுகிறவர்கள் அதைத்தான் போடுவார்கள். லெக் கார்டு இருந்தால், அது லிவர் நுனியைவிட வெளியே நீட்டிக்கொண்டு இருக்கிறதா என்று வண்டியைப் பின்னாலிருந்து ஒருமுறை பாருங்கள், உள்ளே அடங்கியிருக்கிற கார்டு இந்த விஷயத்தில் உதவாது.